கம்பெனி தொடங்கும் முன்பு செய்ததெல்லாம் யாருக்குச் சொந்தம்? மூன்று பேர், ஒரு பாசி உலர்த்தி, ஒரு செயலி

பாசித்தெப்பம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்கதையும் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும்.

நாங்கள் மூன்று பேர். நான், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் நண்பன், என் அத்தை மகன். எங்கள் பக்கம் தெப்பத்தில் கடல்பாசி கட்டி 45 நாளில் அறுத்து, கரையில் காயப்போடுவார்கள். வெயில் இருந்தால் கவலையில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாதி காய்ந்த பாசி நனைந்து வெளுத்து, உப்பு இறங்கி, வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொல்லுவார். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், அந்த ஒரு கிலோவும் போய்விட்டால் ஒன்றரை மாத உழைப்பு கடலோடு போனது மாதிரி. இதற்காக நான் ஒரு சூரிய உலர்த்தி செய்தேன். அடுக்குத் தட்டு, நடுவில் கைப்பிடியைச் சுற்றினால் எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் பாசியைப் புரட்டும். நண்பன் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், இரவிலும் லீவிலும் உட்கார்ந்து இதற்கு ஒரு செயலி எழுதினான். உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது, எந்தக் குழு எத்தனை கிலோ போட்டது, யாருக்கு எவ்வளவு பணம் தரணும் எல்லாம் அதில் தெரியும். மச்சான் பணம் போட்டான், பாசி எடுக்கும் பெண்கள் குழுக்களிடம் பேசிச் சேர்த்ததும் அவன்தான். லோகோ அவன் தங்கச்சி வரைந்து கொடுத்தது.

இப்போது பிரைவேட் லிமிடெட் ஆகப் பதியப் போகிறோம். முதலீடு போட வந்த ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "இந்த மெஷினும் செயலியும் கம்பெனி பேரில் இருக்கா?" அங்கேதான் ஆரம்பித்தது. நண்பன், "கோடிங் நான் எழுதியது, என் பேரிலேயே இருக்கட்டும், கம்பெனி உபயோகிச்சுக்கலாம்" என்கிறான். மச்சான், "மாசாமாசம் சர்வருக்குக் காசு கட்டுனது நான், அப்ப எனக்கும் அதுல பங்கு உண்டுல்ல" என்கிறான். கம்பெனி ஆரம்பித்துவிட்டால் எல்லாம் தானாகவே கம்பெனிக்குப் போய்விடும் என்றுதான் நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. யார் சொல்வது சரி?

---

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நான் மதுரையில் வக்கீலாக இருக்கிறேன், சொந்த ஊர் திருப்புல்லாணி பக்கம். தாள்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். உங்கள் மூன்று பேரில் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது நீங்களும் உங்கள் மச்சானும். இன்றைய தேதியில் நண்பன் சொல்வதுதான் சட்டப்படி சரி.

செயலியின் கோடிங், 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளிக்குப் போகும், அது 17-ஆம் பிரிவு. ஆனால் அவர் எழுதும்போது உங்கள் கம்பெனி பிறக்கவே இல்லையே. இல்லாத முதலாளிக்கு யாரும் வேலை பார்க்க முடியாது. சர்வர் காசு கட்டியதால் மச்சானுக்குப் பதிப்புரிமையில் பங்கு வராது, அந்தப் பணம் திரும்ப வரவேண்டிய கடனா, கம்பெனியில் போட்ட முதலா என்பது தனிக் கணக்கு. லோகோவும் அப்படியே. வரைந்த தங்கச்சியிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள், வீட்டுப் பிள்ளைதானே என்று விடாதீர்கள்.

உரிமை கம்பெனிக்கு வரவேண்டும் என்றால் ஒரே வழி, எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு. வாட்ஸப்பில் "சரிடா எடுத்துக்கோ" என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள். எழுதும்போது பல பேர் விழும் குழி 19-ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் 1 வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். அதனால் உரிமைக்காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாமல் இருந்தாலும் திரும்பப் போகாது என்று மூன்றையும் தெளிவாக எழுதணும். எந்தச் செயலி, எந்த உரிமைகள், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது, பணமா ஷேரா, எல்லாம் அதில் இருக்கணும். இதையெல்லாம் எழுதிக்கொடுத்த பிறகும், இதை எழுதியது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நண்பனிடமே இருக்கும், அதை யாரும் எடுக்க முடியாது. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதிக் கோபம் அங்கேயே இறங்கலாம்.

உலர்த்தி வேறு கதை. அது பேட்டன்ட் பக்கம், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, 1970 சட்டம். கண்டுபிடித்தவர் நீங்கள், நீங்கள் விண்ணப்பிக்கலாம், அல்லது கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து கம்பெனி விண்ணப்பிக்கலாம். மூன்று பேர் பேரிலும் சேர்த்துப் போட்டால் சண்டை வராது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 50-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கூட்டாக வாங்கிய பேட்டன்டில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒவ்வொருவருக்கும் சம பங்கு. ஒவ்வொருவரும் தனியாக மெஷின் செய்து விற்றுக்கொள்ளலாம், லாபத்தில் மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளியில் ஒருவருக்கு அனுமதி கொடுக்கவோ பங்கை விற்கவோ மற்றவர்கள் சம்மதம் வேண்டும். அதாவது ஒருவர் முறுக்கிக்கொண்டால் கம்பெனிக்கே அனுமதி கிடைக்காது, அவரோ பக்கத்து ஊரில் பட்டறை போட்டு அதே மெஷினை விற்கலாம்.

ஒன்று கேட்கணும். அந்த உலர்த்தியை எங்காவது பொதுவில் காட்டினீர்களா?

---

இரவுஷிப்ட் எழுதியது:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதுதான் உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை என்று எனக்குப் படுகிறது. நண்பன் இன்னமும் சென்னையில் வேலையில் இருக்கிறார் என்றீர்கள். அவர் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நானும் உச்சிப்புளிதான், பதினோரு வருடமாக ஐடியில் இருக்கிறேன், நான் கையெழுத்துப் போட்ட மூன்று கம்பெனித் தாளிலும், வேலையில் இருக்கும் காலத்தில் நான் உருவாக்கும் எதுவும், அவர்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால், அவர்களுக்கே என்று இருந்தது. ஒன்றில் வேலை நேரத்துக்கு வெளியே செய்ததும் சேரும் என்று எழுதியிருந்தது. வேறு தொழிலில் டைரக்டராக இருக்கக் கூடாது என்றும் இருக்கும்.

பாசிக்கும் அவர்கள் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நாம் சொல்லலாம். ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதினாரா, ஆபீஸ் மெயிலில் கோப்புகளை அனுப்பினாரா? அவரிடம் முழு உரிமை இல்லை என்றால் அவர் உங்களுக்கு எதை எழுதிக்கொடுப்பார்? முதலீட்டாளரின் வக்கீல் இதைத்தான் முதலில் தோண்டுவார். ஹெச்ஆரிடம் விவரம் சொல்லி, எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று ஒரு மெயில் வாங்கிவிடுங்கள். கேட்கத் தயங்குவார், எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனி நன்றாகப் போன பிறகு கேட்பதை விட இப்போது கேட்பது எவ்வளவோ சுலபம்.

---

கடற்கரைத்தெரு எழுதியது:

நான் கீழக்கரை. என் கதையைச் சொல்கிறேன், இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை.

நானும் சின்னம்மா மகனும் சேர்ந்து, காக்கா தம்பி (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) என்று ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்ன வியாபாரம் ஆரம்பித்தோம். நான் காலையில் ஏலத்தில் நின்று மீன் எடுப்பேன், அவர் இணையதளம், செயலி, போன் எல்லாம் பார்த்துக்கொள்வார். ஒரு தாள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஒருதரம் சொன்னேன், "என்ன காக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா" என்றார், வாயை மூடிக்கொண்டேன். இணைய முகவரி அவர் சொந்த மெயிலில். பிளே ஸ்டோர் கணக்கு அவர் பேரில். கஸ்டமர் நம்பர்கள் எல்லாம் அவர் போனில். டிரேட்மார்க் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

மூன்றாவது வருடம் பணக்கணக்கில் மனஸ்தாபம் வந்தது. அவர் சவூதிக்குப் போய்விட்டார். போனவர் கோபத்தில் எதையும் அழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இணைய முகவரியைப் புதுப்பிக்கும் மெயில் அவருக்குத்தான் போகும், அவர் பார்க்கவில்லை, காலம் முடிந்து வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். செயலி ஒரு நாள் போனில் திறக்கவில்லை. நான் மீன் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் "நான்தான் அது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறது, பெருநாளுக்கு வீட்டுக்கு வருகிறார். வியாபாரம் திரும்பவில்லை.

அதனால் பத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்றைக்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு எது எது யார் பேரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இணைய முகவரி, சர்வர் கணக்கு, கோடிங் வைத்திருக்கும் கணக்கு, செயலிக் கடைக் கணக்கு, பணம் வாங்கும் கணக்கு. கம்பெனி பதிவானதும் எல்லாம் கம்பெனி மெயிலுக்கு மாறணும், இரண்டு பேருக்காவது திறக்கத் தெரியணும். உரிமை கம்பெனிக்கு என்று பத்திரத்தில் எழுதியிருந்தும் சாவி ஒருத்தரிடமே இருந்தால், அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குத்தான் போகணும், காலையில் வியாபாரத்துக்குப் போக முடியாது.

---

பாசித்தெப்பம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுத் தூங்கவில்லை.

வக்கீல் சார், காட்டினேன். போன வருடம் ராமநாதபுரத்தில் நடந்த ஒரு பொருட்காட்சியில் இரண்டு நாள் வைத்திருந்தோம், வந்தவர்களுக்கெல்லாம் பிரித்து விளக்கினேன், வீடியோகூடப் போட்டோம். ஆனால் அப்போது கையால் தட்டைத் தனித்தனியாக எடுத்துப் புரட்டும் மாதிரிதான். ஒரே கைப்பிடியில் எல்லாம் புரளும் அமைப்பு இந்தப் பங்குனியில்தான் செய்தேன், அதை எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், முதல் மாதிரியை, நான் காலேஜில் படிக்கும்போது, அங்கே ஒர்க்ஷாப்பில் பிராஜெக்டாகச் செய்தேன்.

---

வைகைக்கரை எழுதியது:

அப்படியானால் பழைய மாதிரியை விட்டுவிடுங்கள். ஊருக்கே காட்டிய பிறகு அது புதுமை ஆகாது. கண்காட்சியில் வைத்தாலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு, ஆனால் மத்திய அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான், எல்லாப் பொருட்காட்சிக்கும் அல்ல. புதிய புரட்டும் அமைப்பு வெளியில் தெரியவில்லை என்பது நல்ல செய்தி. அதை முதலீட்டாளரிடம்கூட, ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்காமல் காட்டாதீர்கள். முதலில் ஒரு தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பம் போட்டுவிட்டால் அந்தத் தேதி உங்களுக்கு நின்றுவிடும், முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். கம்பெனி பதிவாகும் வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் பேரில் போட்டு, பிறகு கம்பெனிக்கு எழுத்தில் மாற்றலாம்.

காலேஜுக்கு ஒருதரம் போய் அவர்களுடைய விதியைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் இடத்தில், அவர்கள் கருவியில் செய்ததற்குச் சில காலேஜ்கள் பங்கு கேட்கும். புதிய அமைப்பு உங்கள் வீட்டுக் கொட்டகையில் செய்தது என்பதற்கு போட்டோ, பட்டறைப் பில் எல்லாம் தேதியோடு எடுத்து வையுங்கள்.

பேர், லோகோ டிரேட்மார்க் விண்ணப்பத்தைக் கம்பெனி பேரிலேயே போடலாம், சிறு நிறுவனம் ஸ்டார்ட்டப் என்றால் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகை) இணையத்தில் 4,500 ரூபாய், மற்றக் கம்பெனிகளுக்கு 9,000.

---

சோழகக்காற்று எழுதியது:

தம்பிகளா, எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன், மகன் இதைப் படித்துக் காட்டினான். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

கடலுக்குப் போகும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்போம். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆனால் எந்த ஊரிலும் மீனைப் பார்த்த பிறகு பங்கு பேச மாட்டார்கள். கரையில் வைத்தே பேசிவிடுவோம். வலை கொண்டுவந்தவர் வலைக்குப் பங்கு வாங்கிக்கொண்டு வலையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார், அது தப்பில்லை. அதே வலையைப் படகுக்காரருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டால் விலையும் வாங்கிக்கொண்டு வலையும் என்னுது என்று சொல்ல முடியாது. உங்க கூட்டாளி எதைச் செய்யறார்னு அவரையே கேளுங்க. பெரிய பங்கும் வேணும், வலையும் வீட்டுக்கு வேணும்னா படகு ஓடாது. ஆனா ராத்திரி முழுக்க முழிச்சு வலை பின்னினவன் அவன். அந்த மனக்குறை இருக்கும் வரைக்கும் நீங்க எழுதுற எந்தப் பத்திரமும் நிக்காது. அவன் எதுக்குப் பயப்படுறான்னு கேட்டீங்களா?

அப்புறம் இன்னொன்று. பாதி வருசம் வந்துட்டு நின்னுட்டவருக்கு வராத நாளுக்குப் பங்கு கிடையாது. அதையும் முன்னாடியே பேசுங்க.

---

இரவுஷிப்ட் எழுதியது:

ஐயா கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் வெஸ்டிங் என்கிறோம். வழக்கமாக 4 வருடம், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றும் இல்லை, பிறகு மாதாமாதம் ஷேர் உறுதியாகும். நல்ல முறை, மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வையுங்கள், உங்களையும் சேர்த்து.

---

பாசித்தெப்பம் எழுதியது:

நண்பன் வெள்ளி ராத்திரி ரயிலேறி வந்தான். குந்துகால் பக்கம் போய் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஐயா கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டேன், "எதுக்குடா பயப்படுறே?" கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான், "நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க. நாளைக்கு ரெண்டு ஓட்டு ஒரு பக்கம் விழுந்து என்னை அனுப்பிட்டா, நான் ரெண்டு வருசமா தூக்கம் கெட்டு எழுதுனது உங்ககிட்ட இருக்கும், என் கையில என்ன இருக்கும்?" எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவே இல்லை. மச்சானுக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்படிப் பேசி முடித்தோம், தப்பிருந்தால் சொல்லுங்கள். பாசிக்காக எழுதிய செயலி முழுவதும் கம்பெனிக்கு. அவன் இதற்கு முன்பே எழுதி வைத்திருந்த சில பொதுவான பகுதிகள், வேறு எதற்கும் உபயோகப்படும் பகுதிகள், அவன் பேரிலேயே இருக்கும், கம்பெனி அதைக் காலத்துக்கும் காசு கொடுக்காமல் உபயோகிக்கலாம், அவனால் அதை நிறுத்த முடியாது. தவறு எதுவும் செய்யாமல் அவனை வெளியே அனுப்பினால் அதுவரை உறுதியான ஷேர் எல்லாம் அவனுக்கே. கம்பெனி மூடிவிட்டால் கோடிங் அவனுக்கு, உலர்த்தி எனக்குத் திரும்பும். மச்சான் போட்ட பணம் எல்லாவற்றையும் கணக்கெழுதி, கொஞ்சம் கடனாகவும் மீதியை ஷேராகவும் வைக்கிறோம். ஹெச்ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டான், நல்ல வேளை, எழுதியது சொந்த லேப்டாப்பில்.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. எந்தப் பதத்தில் பாசியைப் புரட்டணும், எந்தக் காற்றில் சீக்கிரம் காயும், கையில் நொறுக்கிப் பார்த்து எப்போது எடுக்கணும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்காமார். அதை வைத்துத்தான் மெஷினே செய்தேன். அவர்களுக்கு இதில் என்ன இடம்?

---

வைகைக்கரை எழுதியது:

இதை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம், தம்பி.

பாரம்பரிய அறிவு அப்படியே பேட்டன்ட் ஆகாது, 1970 சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அக்காமாருக்குத் தெரிந்த பதம் அவர்களுடையது, விண்ணப்பத்தில் அதை உரிமை கோராதீர்கள். நீங்கள் கோருவது கைப்பிடி, தட்டு, புரளும் அமைப்பு மட்டும் என்று இருக்கட்டும். அதோடு, இங்குள்ள உயிரினத்தையோ அதைச் சார்ந்த பாரம்பரிய அறிவையோ அடிப்படையாக வைத்துப் பேட்டன்ட் கேட்டால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் வரைக்கும் போகவேண்டி வரும். மெஷினோடு நின்றால் அந்தக் கேள்வி பெரிதாக எழாமல் போகலாம், நாளைக்குப் பாசியிலிருந்து சாறு, உரம் என்று போனால் கண்டிப்பாக எழும். இதை விண்ணப்பம் எழுதித்தரும் பேட்டன்ட் ஏஜென்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதல் பத்து மெஷின் அந்தக் குழுக்களுக்கு என்ன விலைக்கு, லாபத்தில் எவ்வளவு என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாமே. பிறகு வரும் முதலீட்டாளர் வந்து அதைச் சேர்க்க மாட்டார்.

நீங்கள் பேசி முடித்தது நன்றாக இருக்கிறது, இரண்டு இடத்தில் மட்டும் கவனம். கம்பெனி மூடினால் திரும்பும் என்பதை முதலீட்டாளர் ஒத்துக்கொள்ள யோசிப்பார், அவரிடம் மறைக்காமல் முன்னாலேயே காட்டுங்கள். அடுத்தது தேதி. கம்பெனி பதிவாகும் முன்பு அதன் பேரில் யாரும் எதையும் வாங்க முடியாது. அதனால் இரண்டு தாள். இப்போது மூன்று பேருக்குள், பதிவானதும் எழுதிக்கொடுப்போம் என்ற ஒப்பந்தம். பதிவான பிறகு, அந்தத் தேதிக்குப் பின் தேதி போட்டு, உண்மையான எழுதிக்கொடுக்கும் பத்திரம், முதல் போர்டு மீட்டிங்கில் அதை ஏற்றுக்கொண்டு பதிவு செய்வது. ஷேரைப் பணத்துக்குப் பதில் உரிமைக்கு ஈடாகக் கொடுப்பதானால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், அதை ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தங்கச்சியின் லோகோத் தாளை மறக்க வேண்டாம். வரைவு தயாரானதும் இங்கேயே தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், பீஸ் எதுவும் வேண்டாம்.